டிக்கி ஷாக்கும் மார்கழி விடியலும்

மார்கழி, தை மாதங்களில் மலைக்குப் போய்த் திரும்பிய வண்டிக்காரர்கள் ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் புகார் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மேலே போய் டிக்கியைத் திறந்தால் கதவு நிற்பதில்லை. கையை எடுத்ததும் மெல்ல இறங்கித் தலையில் இடிக்கிறது. மலையடிவாரத்தில் உள்ள லோயர் கேம்ப்புக்கு இறங்கி வந்தபின் திறந்தால் ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்து நிற்கிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. கதவைத் தூக்கி நிறுத்தும் டிக்கி ஷாக்கை மலைக்குளிர் கெடுத்துவிட்டது என்பது ஒன்று. குளிரில் அப்படித்தான் இருக்கும், கீழே வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தில் பழி தவறான இடத்தில் விழுகிறது. இரண்டாவது பாதி உண்மை. அதனாலேயே கூடுதல் ஆபத்தானது. குளிர் டிக்கி ஷாக்கின் பலத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது உண்மைதான். அந்தப் பங்கு எவ்வளவு என்று தாளில் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். வெயில் ஏறியதும் அது முழுதாகத் திரும்பியும் வந்துவிடும். நம் பக்கத்து மலைக்குளிரில் ஏற்படும் இழப்பை நல்ல நிலையில் உள்ள ஷாக் தாங்கிக்கொள்ளும். தாங்காமல் கதவு இறங்கினால், உள்ளே இருந்த வாயு பல வருடங்களாகக் கசிந்து வந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கசிவை வேகப்படுத்தியதும், அதை இதுவரை கண்ணில் படாமல் மறைத்து வைத்ததும் கீழே கம்பம் பள்ளத்தாக்கின் சூடு. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் வண்டிகளில் டிக்கி ஷாக்கைப் பார்க்கலாம். 1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்ற ஆம்னி வேன் தொடங்கி ஸ்விஃப்ட், எர்டிகா, இன்னோவா வரை, கதவின் ஓரத்தில் கறுப்புக் குழாயும் அதிலிருந்து நீளும் பளபளப்பான கம்பியுமாகத் தெரிவது அதுதான். ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஆளேற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளுக்கும், பின்கதவு பக்கவாட்டில் திறக்கும் பொலேரோவுக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. மலையில் அன்றாடம் உழைக்கும் வண்டிகள் பலவும் இதில் தப்பிவிட்டன. தயாரிப்பாளர்கள் இதை கேஸ் ஸ்பிரிங் என்பார்கள். ஜெர்மனியின் ஸ்டாபிலஸ் நிறுவனம் 1962-ல் இதைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கியது. உள்ளமைப்பு எளிமையானது. இருபுறமும் மூடிய எஃகுக் குழாய். அதற்குள் அதிக அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன். கம்பியின் உள்முனையில் ஒரு பிஸ்டன். கம்பி வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் சீல். அந்தச் சீல் காய்ந்துபோகாமல் இருக்கவும், கதவு முழுதாகத் திறக்கும் கடைசி நொடியில் தடாலென்று முட்டாமல் இருக்கவும் கொஞ்சம் எண்ணெய். பிஸ்டனில் சிறு துளை உண்டு. அதனால் வாயு இருபுறமும் போய்வரும். இருபுறமும் ஒரே அழுத்தம்தான். அப்படியானால் எது தள்ளுகிறது? பிஸ்டனின் ஒரு முகம் முழுவதையும் வாயு அழுத்துகிறது. மறு முகத்தில் கம்பி பொருந்தியிருக்கும் இடத்தை மட்டும் வாயுவால் தொட முடியாது. கம்பியின் குறுக்குப் பரப்பு எவ்வளவோ, அந்த அளவுக்கான விசை மட்டும் எதிர்ப்பில்லாமல் மிஞ்சுகிறது. கதவைத் தூக்கி நிறுத்துவது அந்த மிச்சம்தான்.

கம்பியின் விட்டம் 8 மில்லிமீட்டர் என்று கொள்வோம். சிறிய, நடுத்தர வண்டிகளில் இது சாதாரண அளவு. அதன் குறுக்குப் பரப்பு அரைச் சதுர சென்டிமீட்டர். ஒரு ஷாக் 50 கிலோ எடையைத் தாங்கும் விசையோடு தள்ள வேண்டுமானால், உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் இருந்தாக வேண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று அதே கணக்கில் இரண்டேகால் கிலோ அளவுதான். 100 கிலோ என்பது எப்படிப்பட்ட அழுத்தம் என்று காட்ட லோயர் கேம்ப்பிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 1895-ல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, சரிவில் பதித்த ராட்சத இரும்புக் குழாய்களில் இறங்கிப் பெரியாறு மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுற்றுகிறது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்துக்கு நின்றால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். குழாயின் இறக்கத்தை 400 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டாலும் அடியில் 40 கிலோதான் வரும். மலையுயரத் தண்ணீர் தரும் அந்த அழுத்தத்தைப் போல இரண்டரை மடங்கு, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு குழாய்க்குள் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கிறது. அதை வெளியே விடாமல் பிடித்திருப்பது மோதிரத்தைவிடச் சிறிய ஒரு ரப்பர் வளையம். இந்தக் கருவியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இதுதான்.

இனி வெப்பநிலை. மூடிய கலத்துக்குள் அடைபட்ட வாயுவின் அழுத்தம் சூட்டோடு ஏறும், குளிரோடு இறங்கும் என்பதை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோன்டன் அளந்து காட்டினார். அந்த ஏற்ற இறக்கத்தைச் சுத்தமான விகிதக் கணக்காக்க ஒரு நல்ல தொடக்கப்புள்ளி தேவைப்பட்டது. 1848-ல் கெல்வின் முன்வைத்த தனி வெப்பநிலை அளவு அதைத் தந்தது. செல்சியஸ் எண்ணோடு 273-ஐக் கூட்டினால் போதும். வாயுவின் அழுத்தம் அந்தக் கூட்டுத்தொகைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். கேஸ் ஸ்பிரிங்கின் விசையை 20 டிகிரி செல்சியஸில் அளந்துதான் குறிப்பிடுவார்கள். அதாவது 293. ஒரு டிகிரி இறங்கினால் 293-ல் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.34 சதவீதம், விசை குறையும். 10 டிகிரி இறங்கினால் மூன்றரைச் சதவீதம். நம் 50 கிலோ ஷாக் 33 டிகிரி பிற்பகலில் 52.2 கிலோ தள்ளும். 14 டிகிரி விடியற்காலையில் 49 கிலோ. 5 டிகிரியில் 47.4, உறைநிலையில் 46.6. நைட்ரஜனுக்குப் பதில் எளிதில் திரவமாகாத வேறு வாயுவை அடைத்திருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. நைட்ரஜனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் வேறு: அது எளிதில் எதனோடும் வினைபுரியாது, ஈரம் நீக்கிக் கிடைக்கிறது, விலையும் மலிவு; இவ்வளவு அழுத்தத்திலும் நம் குளிர் எதிலும் அது திரவமாகாது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறிப் பார்த்தால் எதிர்பாராத ஒன்று தெரியும். லோயர் கேம்ப் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையேறியதும் வரும் குமுளி ஏறத்தாழ 900 மீட்டரில். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிரும். ஆகவே இந்த 500 மீட்டர் ஏற்றம் கொடுப்பது மூன்று டிகிரி வித்தியாசம். டிக்கி ஷாக்கின் கணக்கில் அது ஒரு சதவீதம், அரைக் கிலோ. அரைக் கிலோ குறைந்ததற்காக எந்தக் கதவும் தலையில் விழாது. அப்படியானால் மலையில் விழுந்தது ஏன்? பெரும்பாலும் அது விடியற்காலை என்பதால்தான். பள்ளத்தாக்கில் நாம் டிக்கியைத் திறப்பது பெரும்பாலும் பகலில், வெயிலில் நின்ற வண்டியில். திராட்சைப் பெட்டி ஏற்றுவதும் சந்தைச் சாமான் இறக்குவதும் 30 டிகிரியைத் தாண்டிய பொழுதில். மலையிலோ இரவு தங்கி, பனி விலகாத நேரத்தில் பெட்டி படுக்கையை ஏற்றும்போது திறக்கிறோம். 33 டிகிரியிலிருந்து 14-க்கு வந்தால் விசை ஆறு சதவீதத்துக்கு மேல் குறையும். அதில் ஒரு சதவீதம்தான் இந்த மலைச்சாலையின் பங்கு. மிச்சம் முழுவதும் பகலுக்கும் இரவுக்கும், வெயிலுக்கும் பனிக்கும் உள்ள தூரம். மூணாறு போல 1,500 மீட்டரைத் தொடும் இடங்களில் உயரத்தின் பங்கும் சேர்ந்துகொள்ளும். அங்கே மேகமில்லாத ஜனவரி இரவுகளில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்துவிடும். கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். செண்டுவரை, லட்சுமி போன்ற எஸ்டேட் பகுதிகளில் புல்வெளி வெளுத்து உறைபனி படியும். ஊட்டியில் பார்ப்பதும் இதே உறைபனிதான். அங்கே இரவு முழுவதும் வெட்டவெளியில் நின்ற வண்டியின் ஷாக் உறைநிலைக்கு அருகில் இருக்கும். பள்ளத்தாக்கின் பிற்பகலோடு ஒப்பிட்டால் பத்து, பதினோரு சதவீத இழப்பு. நமக்கு எட்டும் தூரத்தில் குளிர் செய்யக்கூடிய அதிகபட்ச வேலை அவ்வளவே.

பத்து சதவீத இழப்பில் கதவு விழலாமா என்பதுதான் கேள்வி. ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். முழுதாகத் திறந்த கதவை நிறுத்த ஒவ்வொரு ஷாக்கும் 46 கிலோ தள்ள வேண்டும் என்று கொள்வோம். கீல்களிலும் ஷாக்கின் உருண்டை முனைகளிலும் சீலிலும் உள்ள உராய்வு ஒரு கிலோ அளவுக்கு உதவும். ஆகவே 45 வரை கதவு எப்படியோ நிற்கும், அதற்குக் கீழே இறங்கிவிடும். புது ஷாக் உறைபனியிலும் 46.6 கிலோ தருகிறது, கதவு நிற்கிறது. இதே ஷாக் சில வருடங்களில் எட்டு சதவீத வாயுவை இழந்துவிட்டது என்று வையுங்கள். 20 டிகிரியில் அதன் விசை இப்போது 46 கிலோ. கம்பத்தின் 33 டிகிரி பிற்பகலில் அது 48 கிலோ தருகிறது. கதவு கம்பீரமாக நிற்கிறது, யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. குமுளியின் 14 டிகிரி விடியலில் 45 கிலோ. கதவு நிற்கும், ஆனால் காற்று அடித்தாலோ யாராவது பையை எடுக்கும்போது தோளால் இடித்தாலோ இறங்கிவிடும். மூணாற்றின் 5 டிகிரியில் 43.6 கிலோ, கையை எடுத்த கணமே இறங்கும். ஒரே வண்டி, ஒரே ஷாக், மூன்று இடங்களில் மூன்று நடத்தை. குளிர் எடுத்துக்கொண்ட பங்கு புது ஷாக்குக்கும் பழைய ஷாக்குக்கும் ஒரே விகிதம்தான். ஒன்று நின்றது, மற்றது விழுந்தது என்றால், அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது கசிந்துபோன எட்டு சதவீதம்தான். வண்டி கீழே இறங்கியதும் கதவு மீண்டும் நிற்பதை ஷாக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்வது அதனால்தான் தவறு. போன வாயு திரும்பி வரவில்லை. மிஞ்சிய வாயு சூடேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நிதானமாகப் பார்த்தால் வேறொன்றும் புலப்படும். லோயர் கேம்ப்பிலிருந்து ஏறி வந்த உடனே குமுளியில் டிக்கியைத் திறந்தால் பலவீனமான ஷாக்கும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொள்ளும். கதவுக்கும் பாடிக்கும் இடையே உள்ள இடுக்கில் அது இன்னும் பள்ளத்தாக்கின் சூட்டை வைத்திருக்கிறது. கதவு திறந்தே இருந்தால் மெல்லிய எஃகுக் குழாய் குளிர்காற்றில் சூட்டை இழக்கும். சாமான் இறக்கி முடிவதற்குள் கதவு விரல் விரலாகத் தாழ ஆரம்பிக்கும். திறந்தபோது நின்றதே என்ற தைரியத்தில் அதன் கீழே குனிந்து நிற்பவருக்கு இது நல்ல செய்தி அல்ல.

கசிவு எங்கிருந்து வருகிறது? கம்பி வெளியே வரும் வாயிலிருந்துதான் பெரும்பாலும். ஒவ்வொரு முறை கதவை மூடும்போதும் வெளியே நீண்டிருந்த கம்பி சீலை உரசிக்கொண்டு உள்ளே போகிறது. கம்பியில் ஒட்டிய நுண்தூசியும் கூடவே போகிறது. ஆனி, ஆடி மாதங்களில் தேனி மாவட்டத்தில் காற்று வீசும் வேகத்தையும், அந்தக் காற்று உழுத நிலத்திலிருந்து கிளப்பும் புழுதியையும் பார்த்தவர்களுக்கு அந்தத் தூசிக்கு விளக்கம் தேவையில்லை. கம்பியில் விழுந்த ஒரு கீறல், ஒரு துருப்புள்ளி, சாமான் இடித்து ஏற்பட்ட சிறு வளைவு எதுவானாலும் சீலின் உதட்டைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு கீறலும் இல்லாத, அதிகம் திறந்து மூடாத வண்டியிலும் வாயு போகும். ரப்பர் முழுதாக அடைக்கும் சுவர் அல்ல. அதன் மூலக்கூறுகளின் இடையே நைட்ரஜன் மிக மெதுவாக ஊடுருவி வெளியேறுகிறது. இந்த ஊடுருவல் வெப்பநிலையோடு வேகமாகக் கூடும் என்பதுதான் நம் வாதத்துக்கு முக்கியமான சான்று. சூட்டில் ரப்பரின் மூலக்கூறுகள் கூடுதலாக அசைகின்றன. வாயுவுக்கு வழி எளிதாகிறது. அதே சூட்டில் உள்ளே அழுத்தமும் கூடியிருக்கிறது, அதாவது வெளியே தள்ளும் காரணமும் வலுக்கிறது. வருடக்கணக்கான சூட்டில் ரப்பர் முதிர்ந்து தன் நெகிழ்வையும் இழக்கிறது. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டியின் பின்கதவு காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடேறும். வருடத்தில் பெரும்பகுதி இந்தச் சூட்டில் நிற்கும் வண்டி, வாயுவை இழக்கிற அதே வேளையில், மிஞ்சிய வாயு அந்தச் சூட்டால் உப்பியிருப்பதால் இழப்பைக் காட்டுவதில்லை. மலையில் கழித்த இரண்டு இரவுகள் சீலுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. பத்து கோடைகள் செய்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு. அவற்றை ஒதுக்கிவிட முடியாது. குளிரில் ரப்பர் இறுகிச் சுருங்கும், அந்த இடைவெளியில் வாயு கசியும், ஆகவே குளிரே ஷாக்கைக் கெடுக்கிறது என்பது அவற்றில் வலுவானது. ரப்பர் இறுகும் என்பது சரி. ஆனால் இத்தகைய சீல்களில் பரவலாகப் பயன்படும் நைட்ரைல் ரப்பர் கண்ணாடிபோல் விறைத்துப்போவது உறைநிலைக்குப் பல டிகிரி கீழே. மூணாறும் ஊட்டியும் எட்டும் குளிர், உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனாலும், அந்த எல்லைக்குக் கிட்டே வருவதில்லை. ஷாக்குகளைப் பொதுவாக மைனஸ் 30 முதல் 80 டிகிரி வரை வேலை செய்யும்படிதான் வடிவமைக்கிறார்கள். டொராண்டோவில் வாழும் தமிழர் ஒருவர் இதே புகாரைச் சொன்னால் என் பதில் வேறாக இருக்கும். மைனஸ் 20 டிகிரியில் புது ஷாக்கே தன் விசையில் 14 சதவீதத்தை இழந்துவிடும். அங்கே குறையில்லாத கருவியும் தள்ளாடலாம், குளிர்மீது பழி போடுவதில் நியாயம் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

எண்ணெய் கெட்டியாவதால்தான் கதவு தாழ்கிறது என்றும் சொல்வார்கள். குளிரில் எண்ணெய் தடித்துப்போவது உண்மை. அதனால் மாறுவது கதவு நகரும் வேகம். விடியற்காலையில் கதவு சோம்பலாக எழுந்து, ஆனால் உச்சிக்குப் போய் அங்கேயே நின்றால், அது எண்ணெயும் உராய்வும் செய்யும் வேலை, கவலைப்பட ஒன்றுமில்லை. நகர்வு நின்ற பிறகு எண்ணெய்க்குத் தள்ளவும் தெரியாது, இழுக்கவும் தெரியாது. அப்போது விசை தருவது வாயு மட்டுமே. மெதுவாக எழுகிறதா, எழுந்தபின் இறங்குகிறதா என்ற இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஷாக் பலமிழக்கிறது என்ற ஊகத்துக்கோ கணக்கு நேர் எதிராகப் பதில் சொல்கிறது. ஷாக்கைத் திருப்பி உள்ளே தள்ளுவது வெளிக்காற்று. அது குறைந்தால் ஷாக்கின் பலம் கூட வேண்டும். 500 மீட்டர் ஏறினால் அரைச் சதுர சென்டிமீட்டர் பரப்பில் கூடும் விசை சுமார் 30 கிராம். உள்ளே 100 கிலோ அழுத்தத்தோடு நிற்கும் வாயுவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

சரிவைப் பற்றிய ஆட்சேபம் மட்டும் எனக்கு ஏற்புடையது. மலைச்சாலையில் சமதரையில் வண்டி நிற்பது அரிது. கிடைமட்டத்துக்குச் சற்று மேலே எழுந்து நிற்கும்படி திறக்கும் கதவை, முன்பக்கம் மேட்டைப் பார்த்து நிறுத்திய வண்டியில் திறந்தால், கதவு கிடைமட்டத்தை நோக்கிச் சாய்கிறது. கீலிலிருந்து எடை இழுக்கும் தூரம் கூடுகிறது, ஷாக் தாங்க வேண்டிய பாரமும் கூடுகிறது. பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் நிலைமை சற்று இளகும். கதவில் பின்னர் பொருத்திய ஸ்பாய்லரும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் சரிவும் சரி, கூடுதல் எடையும் சரி, குளிரைப் போலவே விளிம்பில் நிற்கும் ஷாக்கைத்தான் கவிழ்க்கும். விளிம்புக்குக் கொண்டுவந்தது எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இவ்வளவு தொல்லை தரும் வாயுவை விட்டுவிட்டு எஃகுச் சுருளையே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமானது. 30 டிகிரி வித்தியாசத்தில் எஃகுச் சுருளின் பலம் ஒரு சதவீதம்கூட மாறாது. மாறும் கொஞ்சமும் குளிரில் கூடும் பக்கமாகவே மாறும். ஆனால் இவ்வளவு விசையை இவ்வளவு ஒல்லியான, இலேசான உருவில், கதவு திறக்கும் தூரம் முழுவதும் பெரிதாக ஏறி இறங்காமல், வேகத்தையும் தானே அடக்கிக்கொண்டு தரச் சுருளால் முடியாது. சுருள் நீள நீள வேகமாகப் பலம் குறையும். வாயு அந்த அளவு குறையாது. தயாரிப்பாளருக்கு இருக்கும் சங்கடம் வேறு. உறைபனியிலும் கதவை நிறுத்தும் அளவுக்குப் பலம் வைத்தால், சித்திரை மதியத்தில் அதே பலம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடி, கதவை இழுத்து மூடவே ஒருவர் தொங்க வேண்டியிருக்கும். மூடுவதற்கு எளிதாக வைத்தால் குளிருக்கும் முதுமைக்கும் விடும் இடைவெளி குறைந்துவிடும். ஒவ்வொரு வண்டியின் ஷாக்கும் இந்த இரண்டுக்கும் இடையே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஓர் எண். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் சில நேரம் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் "கொஞ்சம் ஹெவியா போட்டுரலாம்" என்ற யோசனையை ஏற்கக் கூடாது என்கிறேன். 50 கிலோவுக்குப் பதில் 60 கிலோ ஷாக்கைப் பொருத்தினால், வெயிலில் நின்று 50 டிகிரிக்குச் சூடான வண்டியில் அது 66 கிலோ தள்ளும். அதன் கூடுதல் பாரத்தைக் கதவு மூடியிருக்கும் நாளெல்லாம் கீல்களும், ஷாக்கைப் பிடித்திருக்கும் தகடும் சுமக்கும். கண்ணாடி பதித்த கதவு நாளடைவில் முறுக்கிக்கொள்வதும், மூடினால் ஒரு பக்கம் ஒட்டாமல் மழைநீர் உள்ளே வருவதும் அந்தப் பாரத்தின் விளைவாக நேரலாம்.

குளிர் இப்படி உள்ளதைக் காட்டிக்கொடுக்கிறது என்றால், மலைக்குப் போகும்வரை காத்திருக்காமல் நாமே அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பள்ளத்தாக்கிலேயே மார்கழி விடியல் பிற்பகலைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கும். இரவு முழுவதும் வெளியே நின்ற வண்டியை, வெயில் படுவதற்கு முன், சமதரையில் வைத்துத் திறந்து பாருங்கள். முழு உயரத்தில் விட்டுவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். தாழ்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு உச்சியிலிருந்து ஒரு சாண் கீழே இறக்கிக் கையை விட வேண்டும். ஆரோக்கியமான ஷாக் அதைத் திரும்ப மேலே கொண்டுபோகும், குறைந்தது அங்கேயே நிறுத்தும். அங்கிருந்து கீழே வந்தால் அதன் காலம் முடிந்தது. பள்ளத்தாக்கின் விடியலில் தேர்ந்த ஷாக் குமுளிக்குப் பெரும்பாலும் போதும். மூணாற்று விடியல் இன்னும் பத்து டிகிரி, மூன்றரைச் சதவீதம் கூடுதலாகக் கேட்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம். கம்பியைத் துணியால் துடைத்தால் எண்ணெய்க் கறை ஒட்டுகிறதா என்பதையும் பார்க்கலாம். எண்ணெய் வெளியே வந்த வழியில் வாயு எப்போதோ வந்திருக்கும்.

கம்பை முட்டுக்கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம், இதற்கெல்லாம் செலவு எதற்கு என்பவர்கள் உண்டு. மலைப் பயணத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பும்வரை, வழுக்காத இடத்தில் ஊன்றிய உறுதியான கம்பு பரவாயில்லை. அதையே வழக்கமாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். பின்கதவின் பூட்டுக்கொண்டி தலைமட்டத்தில் கூர்மையான இரும்பு. சபரிமலை மாலை போட்டுப் போகும் குழுவில் விடியற்காலை இருட்டில் டிக்கியின் கீழே குனிந்து பாத்திரம் எடுப்பவர் யாரென்று வண்டியோட்டிக்குத் தெரியாது. குழந்தைகள் அந்தக் கம்பைத் தட்டிவிட ஒரு நொடி போதும்.

ஷாக்கை மாற்றும்போது கதவின் இருபுறமும் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரே வயதுள்ள இரண்டில் ஒன்று தளர்ந்திருந்தால் மற்றதும் பக்கத்தில் நிற்கிறது. ஒன்று மட்டும் புதிதானால் கதவு கோணலாகத் தூக்கப்படும். பழைய குழாயின்மேல் நியூட்டன் கணக்கில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதைப் பத்தால் வகுத்தால் ஏறக்குறையக் கிலோ கிடைக்கும். அதே எண், அதே நீளம் உள்ளதையே வாங்க வேண்டும். கதவு மூடியிருக்கும்போது கம்பி கீழ்ப்பக்கமும் குழாய் மேல்பக்கமும் இருக்கும்படி பொருத்தியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் எண்ணெய் சீலின்மேல் நின்று அதைக் காயவிடாமல் காக்கும். பழைய ஷாக்கில் வாயு நிரப்பித் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். வாயு போன வழியான சீல் அதே சீலாக இருக்கும்போது, நிரப்பியதும் அதே வழியில்தான் போகும். கழற்றிய ஷாக் கதவைத் தூக்க இயலாததாக இருக்கலாம், ஆனால் காலியானதல்ல. நம் கணக்கில் எட்டு சதவீதம் இழந்த ஷாக்குக்குள் இன்னும் சதுர சென்டிமீட்டருக்கு 92 கிலோ அழுத்தம் மிச்சமிருக்கிறது. அதை அறுக்கவோ துளையிடவோ கூடாது. பழைய இரும்போடு சேர்த்து நெருப்பிலும் போடக் கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று சொல்லி, அதைப் பாதுகாப்பாக வெளியேற்றத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பிடமே விட்டுவிட வேண்டும்.